பீரோவுக்குள் இற்றுப்போகும் பட்டு

சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் கடைத்தெருக்களில் ‘பழைய பட்டுப்புடவைகள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளப்படும்’ என்ற பலகைகளைப் பார்க்கலாம். அங்கே புடவையை விரித்து அழகு பார்ப்பதில்லை. ஜரிகையை ஓரத்தில் சுரண்டிப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். ஜரிகைக்காக வாங்கப்படும் புடவை கடைசியில் நெருப்புக்குத்தான் போகும். பட்டு சாம்பலாகிவிடும், உருக்கி எடுத்தால் வெள்ளி மிஞ்சும். தறியில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்த துணிக்கு அங்கே கிடைக்கும் விலை அந்த உலோகத்தின் விலை மட்டுமே.

கட்டிக் கட்டித் தேய்ந்துபோய் அந்தத் தராசுக்கு வரும் புடவைகள் உண்டு. அவற்றைப் பற்றிக் கவலையில்லை, அவை தம் வேலையை முடித்துவிட்டவை. வருத்தப்பட வேண்டியது மற்றவற்றைப் பற்றி. விரித்துப் பார்த்தால் உடல் முழுக்க நிறம் அப்படியே இருக்கும். மடிப்பு விழுந்த கோடுகளில் மட்டும் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல நீளநீளமாக விட்டுப்போயிருக்கும். கல்யாணத்துக்கு ஒருநாள், வளைகாப்புக்கு ஒருநாள் கட்டியது. பிறகு அட்டைப்பெட்டியோடு பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. இருபது வருடம் யாரும் மடிப்பை மாற்றவில்லை. அந்தப் புடவையைக் கெடுத்தது உடுத்தியவர் இல்லை, பீரோ.

துணியை விழிப்போடு வாங்க வேண்டும் என்ற பேச்சு இப்போது உலகெங்கும் கேட்கிறது. காரணம் இருக்கிறது. எலன் மக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பாகியது; ஓர் ஆடை தூக்கிப்போடப்படும் முன் உடுத்தப்படும் தடவைகளோ 36 சதவீதம் குறைந்தன. ஆடைக்குப் பயன்பட்ட பொருளில் மீண்டும் புது ஆடையாக மாறுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மறுசுழற்சி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வாங்கிக் குவிக்க இடமில்லை என்பதையே இந்தக் கணக்கு சொல்கிறது. பிரிட்டனின் ‘ராப்’ அமைப்பு 2012-இல் போட்ட கணக்கு இன்னும் எளிமையானது. இருக்கிற ஆடையை இன்னும் ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினால், அதன் கரிமம், நீர், கழிவு ஆகிய சுமைகள் 20 முதல் 30 சதவீதம் வரை குறையும்.

ஆகவே நல்ல துணி எது என்ற கேள்விக்கு விலைச்சீட்டில் பதில் தேடிப் பயனில்லை. எத்தனை முறை உடுத்த முடியும், கெட்டால் சரிசெய்ய முடியுமா என்பவைதான் அளவுகோல்கள். இந்த இரண்டையும் சோதித்துப் பார்க்கக் காஞ்சிப் பட்டைவிடப் பொருத்தமான துணி தமிழ்நாட்டில் இல்லை. தலைமுறை தாண்டி நிற்கும்படி நெய்யப்படுவது அது. ஒரே தலைமுறையில் நாம் வீணாக்குவதும் அதைத்தான்.

அதன் வலு எங்கிருந்து வருகிறது? முதலாவது, இழை. கர்நாடகத்திலிருந்து பெருமளவில் வரும் மல்பெரிப் பட்டு நூலை முறுக்கேற்றி, பாவையும் ஊடையையும் தடிப்பாக வைக்கிறார்கள். பாவுக்குக் கஞ்சி தோய்த்து வெயிலில் காயவிடும் வழக்கமும் உண்டு. இரண்டாவது, கோர்வை. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக இருக்கும் புடவையில், இரு கரைக்கும் தனித்தனி நாடா, உடலுக்கு ஒரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு ஊடைக்கும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நெசவாளர் ஒருவரால் இதைச் செய்ய முடியாது. வலப்பக்கக் கரைக்கு நாடா எறிய இன்னொருவர் உட்கார வேண்டும். பற்கள் போல இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் தாழம்பூ ரேகு, இந்த இணைப்பையே அலங்காரமாக்கியது. கோர்வைப் புடவையின் இணைப்பை இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: துணி கிழிந்தாலும் கிழியும், அந்த இடம் லேசில் விடாது.

மூன்றாவது, ஜரிகை. மயிரிழைபோல் இழுத்த வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, சிவப்புச் சாயமிட்ட பட்டு நூலின்மேல் சுற்றி, அதற்கு மேல் தங்கமுலாம் பூசுவது அசல் ஜரிகை. தங்கம் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. எடையில் வெள்ளிக்கே பெரும்பங்கு. சூரத்துதான் இந்தத் தொழிலின் தலைநகர். காஞ்சிபுரத்தில் அரசின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனமும் 1971 முதல் இருக்கிறது. நெசவாளர்கள் ஜரிகையை ‘மார்க்’ கணக்கில் வாங்குவார்கள். ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் ‘டெஸ்டட்’ என்ற செப்புக்கம்பி ஜரிகையும், பிளாஸ்டிக் இழையின் மேல் உலோக மினுக்கு ஏற்றிய ஜரிகையும் தறிக்குள் நுழைந்தன. அவற்றை நெய்வது குற்றமில்லை. அசல் என்று சொல்லி அசல் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

வாங்குகிறவர் கடையில் என்ன கேட்க வேண்டும் என்பது இங்கே முக்கியமாகிறது. சீட்டுகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் தொடங்கிய ‘சில்க் மார்க்’ முத்திரை, இழை சுத்தமான பட்டுதானா என்பதற்கு மட்டும் உத்தரவாதம். அது கைத்தறியா விசைத்தறியா என்பதைச் சொல்லாது. ஜரிகையைப் பற்றியும் பேசாது. தறி எது என்பதற்கு 2006-இல் வந்த ‘ஹேண்ட்லூம் மார்க்’. ஊரும் முறையும் காஞ்சியுடையவைதானா என்பதற்கு 2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு. ஜரிகைக்குத் தனியாகச் சோதனை வேண்டும். துணியைச் சேதப்படுத்தாமல் எக்ஸ் கதிர் கொண்டு உலோக அளவைக் காட்டும் கருவிகள் இன்று உண்டு. பெரும் தொகை கொடுக்கிறவர், சோதனை முடிவை எழுத்தில் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

கருவி இல்லாத இடத்தில் பழைய முறைகள் கைகொடுக்கும். உள்தலைப்பின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினால், பட்டு தலைமுடி கருகும் வாடையோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஜரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிவது நல்ல அறிகுறி. வெள்ளையாகத் தெரிந்தால் விலையை மறுபடி பேச வேண்டும். சிவப்பு நூலை வைத்தும் ஏமாற்றலாம் என்பதால் இதை முடிவான சோதனையாகக் கொள்ளக் கூடாது. புடவையைத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். பின்பக்கம் ஜரிகை இழைகள் நீளநீளமாகத் தொங்கினால் அவை கொலுசிலும் மோதிரத்திலும் மாட்டி இழுபடும். அந்தப் புடவையின் ஆயுள் முதல் கல்யாணத்திலேயே குறையத் தொடங்கிவிடும்.

விலை பேசும்போது இன்னொரு கணக்கும் மனத்தில் இருக்க வேண்டும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவாளர்களும் துணைத்தொழில் செய்பவர்களுமாக 35.22 லட்சம் பேர் இருக்கிறார்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருமானத்தில் வாழ்கின்றன. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-லேயே வந்தது. ஒதுக்கப்பட்ட 22 வகைகள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் விற்கும்போது, வாங்குகிறவர் மட்டும் ஏமாறுவதில்லை; இரண்டு பேர் உட்கார்ந்து கோர்வை நெய்த கூலிக்குச் சந்தையே இல்லாமல் போகிறது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைப் புடவைகளோடு வைத்து விற்றது நல்ல முன்மாதிரி. யார் நெய்தது என்று தெரிந்த துணியை எடைக்குப் போட மனம் எளிதில் வராது.

முப்பதாயிரம் ரூபாய்ப் புடவையை மூன்று முறை கட்டிவிட்டு மூடி வைத்தால், ஒருமுறை கட்டியதற்குப் பத்தாயிரம் ரூபாய். அறுபது முறை கட்டினால் ஐந்நூறு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஆடித் தள்ளுபடியில் வாங்கி இரண்டே முறை கட்டிய புடவைக்கு எழுநூற்றைம்பது. விலை மலிவு என்பது கடையில் முடிவாவதில்லை என்று இந்தக் கணக்கு காட்டுகிறது.

பராமரிப்புக்கு வருவோம். பட்டு ஒரு புரதம். தலைமுடியும் நகமும் போல. புரதத்துக்கு எவையெல்லாம் ஆகாதோ அவை பட்டுக்கும் ஆகாது: காரமான சோப்பு, கடும் வெயில், அதிகச் சூடு, வியர்வை உப்பு. குளோரின் வெளுப்பான் பட்டைக் கரைத்தேவிடும். துணிகளைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்கள் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குள் அடக்கி வைப்பதற்குக் காரணம், ஒளி சாயத்தையும் இழையையும் சேர்த்து அரிப்பதுதான். பட்டை மொட்டைமாடி வெயிலில் மணிக்கணக்கில் காயப்போடுவது நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதல்.

கட்டி அவிழ்த்த இரவில்தான் புடவையின் தலையெழுத்து எழுதப்படுகிறது. களைப்பில் அப்படியே மடித்து உள்ளே வைப்பது வழக்கம். இடுப்பிலும் தோளிலும் ஊறிய வியர்வை உப்பு, நாளாக ஆக இழையை அரிக்கும், ஜரிகையையும் கறுக்கவைக்கும். நிழலில், காற்றோட்டமான அறையில், பருத்திக் கொடியில் ஓரிரவு ஆறவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் சலவைக்கு அனுப்ப வேண்டியதில்லை. உலர் சலவையில் நெடுங்காலமாகப் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. தேவையில்லாத சலவை துணிக்கும் நல்லதில்லை, சலவைத் தொழிலாளிக்கும் நல்லதில்லை. ஜரிகை குறைந்த மென்பட்டை வீட்டில் அலச வேண்டி வந்தால், பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் பழைய வீடுகளின் தேர்வு. அதில் சோப்பின் காரம் இல்லை என்பதால் அது சரியான தேர்வும்கூட. ஆனால் நனைந்த பட்டு வலு குறையும். முறுக்கிப் பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்ற வேண்டும்.

பந்தியில் சாம்பார் சிந்தினால் நடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். பதறிப்போய்க் கைகழுவும் இடத்தில் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். மஞ்சள் கறை சட்டென்று சிவப்பாகும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும் தன்மை உடையது. அங்கே நடப்பது அதுதான். கறையைவிட அந்தத் தேய்ப்பே பட்டின் மினுக்கைக் கெடுக்கும். உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, எண்ணெய்க்கு முகப்பவுடரைத் தூவி உறிஞ்சவிட்டு, மறுநாள் சலவைக்காரரிடம் ‘இது சாம்பார்க் கறை’ என்று சொல்லிக் கொடுப்பதே சரி. என்ன கறை என்று சொல்லாமல் கொடுப்பதால் போகாமல் நின்ற கறைகள் ஏராளம்.

பிறகு பீரோ. கடை கொடுத்த அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் உறையும் வீட்டுக்குக் கொண்டுவர மட்டுமே. பிளாஸ்டிக்குக்குள் ஈரம் அடைபடும். கடலோரச் சென்னையில் அது பூஞ்சணத்துக்கு அழைப்பு. துவைத்துக் கஞ்சி போடாத பழைய மல் வேட்டி அல்லது வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நல்லது. பாச்சை உருண்டையைப் புடவை மேலேயே போடுவது பரவலான தவறு; அதன் ஆவி ஜரிகைக்கு ஆகாது. வேப்பிலையோ வசம்போ வைக்கிறவர்களும் துணிப்பையில் கட்டி, புடவையில் படாமல் ஓரமாக வைக்க வேண்டும். ரப்பர் பேண்டு, கம்பளி, வாசனைத் திரவியம் ஆகியவற்றை ஜரிகையின் பக்கத்திலேயே விடக் கூடாது. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். ரப்பரிலும் கம்பளியிலும் அது உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மடிப்பு. ஜரிகை, நூலைச் சுற்றிய உலோகத் தகடு. ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மடிந்து கிடந்தால் தகடு உடையும், உடைந்த விளிம்பு பக்கத்துப் பட்டிழையை அறுக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து உதறி, பழைய கோடு விழாதபடி மாற்றி மடிப்பதற்குச் செலவு எதுவுமில்லை. கனத்த ஜரிகைப் புடவையை ஹாங்கரில் தொங்கவிடுவதும் கூடாது. முந்தியின் எடையே உடலை இழுத்து நையவைக்கும்.

பருத்திக்கு விதிகள் வேறு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கண்டாங்கி, தண்ணீரையும் உழைப்பையும் தாங்குவதற்கென்றே நெய்யப்பட்ட துணி. அதற்கு எதிரி கஞ்சி. மொடமொடப்பாகக் கஞ்சி போட்டு அப்படியே மாதக்கணக்கில் உள்ளே வைத்தால் இராமபாணப் பூச்சி மாவைத் தேடி வந்து துணியையும் அரித்துவிட்டுப் போகும். நீண்ட நாள் வைக்க வேண்டிய பருத்தியைக் கஞ்சி போக அலசி வைக்க வேண்டும். கட்டுகிற வாரத்தில் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். தைக்கக் கொடுக்கும்போது ‘உள்ளே துணி விட்டுத் தையுங்க’ என்று தையல்காரரிடம் சொல்வது அம்மாக்களின் அறிவு. ரெடிமேட் ரவிக்கைகள் பலவற்றில் பிரித்துவிட இடமே இருப்பதில்லை. உடம்பு கொஞ்சம் பூசினால் அது குப்பை.

இனி, கெட்டுப்போனதை மீட்பது. சின்னக் கிழிசலுக்கு இழை ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வட இந்தியாவில் ரஃபூகர் என்று பெயர், உத்தரப் பிரதேசத்து நஜீபாபாத் அவர்களுக்குப் பெயர்போன ஊர். நல்ல கைக்காரர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். வெளியே தெரியாத உள்தலைப்பிலிருந்து அதே சாயமுள்ள இழைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொள்வார். ஓட்டையைச் சுற்றித் துணியை இறுக்கிப் பிடித்து, முதலில் பாவின் திசையில் ஊசியை ஓட்டுவார். அடுத்து ஊடையின் திசையில், ஓர் இழைக்கு மேலே, ஓர் இழைக்குக் கீழே. ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டையை மூடுவது பொறுமை கேட்கும் வேலை. அது ஒட்டுப்போடுவது இல்லை, ஊசியால் நெய்வது. அதற்குக் கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பவர்கள், அடுத்த தலைமுறை ஏன் அந்தத் தொழிலுக்கு வரவில்லை என்று கேட்க உரிமையற்றவர்கள்.

மடிப்பில் வரிசையாக விட்ட புடவைக்கு இழை ஓட்டிக் கட்டுப்படியாகாது. பின்னால் மெல்லிய வலைத்துணி கொடுத்து நுண்ணிய தையலால் பிடிக்கலாம். சூடேற்றிப் பசைத்துணி ஒட்டித் தருபவர்களும் உண்டு. அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் பசை நாளாக இறுகிப் பட்டை விறைக்கவைக்கும், பிரித்தெடுக்கவும் முடியாது. எந்தப் பழுதுபார்ப்பும் பிற்பாடு பிரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகத் துணிப் பாதுகாவலர்களின் அடிப்படை விதி. வீட்டுப் புடவைக்கும் அதுவே பொருந்தும்.

உடல் மொத்தமாக இற்றுப்போய்க் கரையும் முந்தியும் மட்டும் உறுதியாக இருந்தால், அவற்றைப் பிரித்தெடுத்துப் புதுப் பட்டு உடலில் வைத்துத் தைக்கும் வழக்கம் உண்டு. அசல் ஜரிகைக் கரைக்குத்தான் இந்தச் செலவு தகும். வாங்கும் நாளில் ஜரிகையைச் சோதித்ததன் பலன் நாற்பது வருடம் கழித்து இங்கே கிடைக்கிறது. அதுவும் முடியாத நிலையில், பழைய கரையின் வடிவத்தைக் கட்டத்தாளில் வரைந்து, ஜக்கார்டு அட்டை அடித்துப் புதிதாக நெய்யலாம். கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய நெசவுக்கூடம் பழைய புடவைகளின் கரைகளையும் நிறச்சேர்க்கைகளையும் இப்படித்தான் மறுபடி தறிக்குக் கொண்டுவந்தது. இன்று பாரம்பரியக் காஞ்சி வடிவம் என்று விரும்பி வாங்கப்படும் பலவும், யாரோ ஒருவர் பழைய புடவையை எரிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தவை.

ஆடித் தள்ளுபடிக்குக் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, வீட்டிலிருக்கும் பட்டு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். மடிப்பை மாற்றுங்கள், பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கிப்போடுங்கள், விட்டுப்போகத் தொடங்கிய இடத்தை இழை ஓட்டுபவரிடம் இந்த மாதமே காட்டுங்கள். பாட்டியின் புடவையை எடைக்குப் போட முடிவுசெய்தாலும், அதற்கு முன் கரையையும் முந்தியையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். ஒரு நெசவாளருக்கு அது போதும்.